பி.கே.யூ. குழந்தையை வளர்ப்பது: முதல் வாரத்திலிருந்து கல்யாண வயது வரை ஒரு முழு வழிகாட்டி

பால், பருப்பு, முட்டை கொடுத்தால்தான் பிள்ளை தேறும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த மூன்றுமே உங்கள் குழந்தையின் மூளையைக் கெடுக்கும் என்று ஒரு மருத்துவர் சொன்னால் வீட்டில் யாருக்கும் சட்டென்று பிடிபடாது. பினைல்கீட்டோனூரியா, சுருக்கமாக பி.கே.யூ., அப்படிப்பட்ட நோய். பிறந்த சில நாட்களுக்குள் கண்டுபிடித்து, உணவைக் கட்டுப்பாட்டில் வைத்தால் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலவே படிக்கும், விளையாடும், வேலைக்குப் போகும். விட்டுவிட்டால் அறிவு வளர்ச்சி நிரந்தரமாகப் பாதிக்கப்படும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது சாப்பாடுதான்.

என் மகளுக்கு இந்த நோய் இருக்கிறது. இப்போது கல்லூரியில் படிக்கிறாள். புதிதாக இந்த நோயின் பெயரைக் கேள்விப்பட்ட பெற்றோருக்காக இதை வரிசையாக எழுதுகிறேன். எதை மறந்தாலும் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: இந்தச் சாப்பாட்டுக் கணக்கை அம்மாவின் பொறுப்பாகவே வைத்திருந்தால் பத்துப் பன்னிரண்டு வயதில் அது கைமீறிப் போகும். நாலைந்து வயதிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளையின் கைக்குப் போக வேண்டிய கணக்கு இது. உங்கள் பிள்ளைக்கான அளவுகளை உங்கள் மருத்துவரும் டயட்டீஷியனும்தான் சொல்ல வேண்டும். இங்கே தரும் எண்கள் விஷயம் புரிவதற்காக.

முதலில்: உடம்புக்குள் என்ன நடக்கிறது

நாம் சாப்பிடும் புரதம் வயிற்றில் அமினோ அமிலங்களாக உடைகிறது. அவற்றில் ஒன்று பினைல்அலனின். இந்த நோயோடு வாழும் குடும்பங்கள் அதை ‘ஃபீ’ என்று சொல்வார்கள்; நானும் அப்படியே எழுதுகிறேன். கல்லீரலில் உள்ள ஒரு நொதி இந்த ஃபீயை டைரோசின் என்ற இன்னொரு அமினோ அமிலமாக மாற்ற வேண்டும். பி.கே.யூ. குழந்தைகளிடம் அந்த நொதி வேலை செய்வதில்லை, அல்லது மிகக் குறைவாகவே வேலை செய்கிறது. மாறாத ஃபீ ரத்தத்தில் ஏறி மூளைக்குள் போகிறது.

1934இல் நார்வேயில் ஒரு தாய் தன் இரண்டு குழந்தைகளின் மூளை வளர்ச்சி ஏன் நின்றுவிட்டது, அவர்கள் மேல் ஏன் ஒரு வாடை வீசுகிறது என்று விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவர் அந்தக் குழந்தைகளின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு சேர்த்தபோது அது பச்சையாக மாறியது. நோய் கண்டுபிடிக்கப்பட்டது அப்படித்தான். 1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஹார்ஸ்ட் பிக்கல் குழுவினர் ஃபீ நீக்கிய உணவை முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுத்தார்கள். அங்கேயும் ஒரு தாய் விடாமல் கேட்டதால்தான் அந்த முயற்சியே தொடங்கியது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ராபர்ட் கத்ரி, குதிகாலில் குத்தி வடிகட்டித் தாளில் எடுக்கும் ஒரு சொட்டு ரத்தத்தில் நோயைக் கண்டுபிடிக்க வழி செய்தார். பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் பரிசோதனை என்ற வழக்கமே அதிலிருந்து வந்ததுதான்.

இது ஒடுங்கு மரபணு நோய். அம்மா, அப்பா இருவரிடமும் பழுதான மரபணு ஒவ்வொன்று இருந்து, இரண்டும் ஒரே குழந்தைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் நோய் வரும். அப்படிப்பட்ட தம்பதிக்கு ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வரும் வாய்ப்பு நாலில் ஒன்று. மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்களில் இருவரிடமும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்பு கூடுதல். அதே நேரம், சொந்தத்துக்கு வெளியே கல்யாணம் செய்தவர்களுக்கும் இது வரும். “உங்க வீட்டு வழியில வந்தது” என்று மருமகளைப் பார்த்துச் சொல்லும் வீடுகள் இன்னமும் இருக்கின்றன. பாதி அம்மாவிடமிருந்து, பாதி அப்பாவிடமிருந்து. இதை மாமியார், மாமனார் இருக்கும்போது மருத்துவர் வாயாலேயே ஒரு தடவை சொல்ல வையுங்கள்.

கண்டுபிடிப்பு

இந்தியாவில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தப் பரிசோதனை தானாக நடந்துவிடுவதில்லை. பிரிட்டனில் 1969இலிருந்தே எல்லாக் குழந்தைகளுக்கும் உண்டு. லண்டனில் பிறக்கும் தமிழ்க் குழந்தைக்கு ஐந்தாம் நாள் செவிலியர் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்துவிடுவார். இங்கே பல ஊர்களில் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். குழந்தை பிறந்து, பால் குடிக்கத் தொடங்கி, 48 மணி நேரத்துக்குப் பிறகு எடுப்பது நல்லது. குடும்பத்தில் காரணம் தெரியாத மூளை வளர்ச்சிக் குறைவு இருந்தால், அல்லது சொந்தத்தில் கல்யாணம் என்றால், பிரசவத்துக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லி வையுங்கள்.

பரிசோதனை தவறிய குழந்தைகளிடம் முதல் சில மாதங்கள் எதுவும் தெரியாது. பிறகு தலை நிற்பதும் உட்காருவதும் தாமதமாகும், சிலருக்கு வலிப்பு வரும், தோலில் கரப்பான் போலத் தடிக்கும், வியர்வையிலும் சிறுநீரிலும் ஊசிப்போன வாடை இருக்கும். டைரோசின் குறைவதால் நிறமி சரியாக உருவாகாது. குழந்தை அப்பா அம்மாவைவிட வெளுப்பாகவும் முடி செம்பட்டையாகவும் இருக்கும். நம் ஊரில் இந்த அறிகுறியைச் சொந்தக்காரர்கள் பாராட்டிவிட்டுப் போவார்கள். “என்னா கலரு” என்ற பாராட்டில் எத்தனை குழந்தைகளின் காலம் வீணாகியிருக்குமோ என்று நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் மனசு கனக்கும்.

முதல் பரிசோதனையில் ஃபீ அதிகம் என்று வந்தால் ரத்த அமினோ அமிலங்களை அளந்து உறுதி செய்வார்கள். சாதாரணமாக இந்த அளவு ஒரு லிட்டருக்கு 60 மைக்ரோமோல் அளவில் இருக்கும். சிகிச்சை இல்லாமல் 1200ஐத் தாண்டினால் அது கடுமையான வகை. இன்னொரு விஷயத்தையும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்: பி.எச்.4 குறைபாடு இல்லை என்று பார்த்தாயிற்றா? மிகச் சில குழந்தைகளுக்கு நொதி சரியாக இருந்தும், அதற்குத் துணை செய்யும் இந்த பி.எச்.4 பொருள் இருக்காது. அவர்களுக்கு உணவுக் கட்டுப்பாடு மட்டும் போதாது, வேறு மருந்துகள் வேண்டும்.

முதல் ஆண்டு

முடிந்தவரை பிறந்த பத்து நாட்களுக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும். அளவு மிக அதிகமாக இருந்தால் சில நாட்கள் தாய்ப்பாலை நிறுத்தி, ஃபீ இல்லாத ஃபார்முலா பாலை மட்டும் கொடுப்பார்கள். அந்த நாட்களில் அம்மா பாலைப் பீய்ச்சி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுரப்பு நின்றுவிடும். இதை யாரும் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள்.

அளவு இறங்கிய பிறகு தாய்ப்பால் திரும்ப வரலாம். வர வேண்டும் என்றே சொல்வேன். தாய்ப்பாலில் 100 மில்லிக்குப் புரதம் ஏறக்குறைய 1 கிராம்தான்; பசும்பாலில் 3 கிராமுக்கு மேல். வழக்கமான முறை இது: டயட்டீஷியன் சொன்ன அளவு ஃபார்முலாவை முதலில் கொடுத்துவிட்டு, மிச்சப் பசிக்குத் தாய்ப்பாலை விடுவது. ரத்த அளவு ஏறினால் ஃபார்முலாவைக் கூட்டுவார்கள், இறங்கினால் குறைப்பார்கள்.

ஃபார்முலாவைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதில் ஃபீ தவிர மற்ற எல்லா அமினோ அமிலங்களும், கூடுதல் டைரோசினும், வைட்டமின்களும், தாதுக்களும் இருக்கும். கடுமையான வகை உள்ள பிள்ளைக்குத் தேவையான புரதத்தில் முக்கால் பங்கோ அதற்கு மேலோ இதிலிருந்துதான் வரும். பருப்பையும் பாலையும் நிறுத்திவிட்டோம், போதும் என்று ஃபார்முலாவை விட்டுவிட்டால் இரட்டிப்பு ஆபத்து. பிள்ளை வளராது. அதோடு, பசித்த உடம்பு தன் தசையையே கரைத்து ஃபீயை ரத்தத்தில் ஏற்றும். கட்டுப்பாட்டில் இருந்தும் அளவு ஏறுகிறது என்றால் நான் முதலில் கேட்பது, “ஃபார்முலா முழுசா உள்ளே போச்சா?” என்பதுதான். நாளின் அளவை மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். வாடையும் கசப்பும் இருக்கும். கைக்குழந்தையாக இருக்கும்போதே பழகினால் பிள்ளைக்கு அது சாதாரணம். பெரியவர்கள் யாரும் குழந்தை முன்னால் அதை முகர்ந்து முகம் சுளிக்கக் கூடாது. இதில் எங்கள் வீட்டில் நான் கறாராக இருந்தேன்.

ஆறாம் மாதம் திட உணவு. சத்துமாவுக் கஞ்சி வேண்டாம்; அதில் பருப்பும் நிலக்கடலையும் பொட்டுக்கடலையும் இருக்கும். கேழ்வரகிலும் நூறு கிராமுக்கு ஏறக்குறைய 7 கிராம் புரதம் உண்டு. ஜவ்வரிசிக் கஞ்சி, ஆரோரூட் கஞ்சி, வேகவைத்து மசித்த பரங்கிக்காய், கேரட், ஆப்பிள் என்று தொடங்கலாம்.

கணக்கு

ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நாளில் தாங்கும் ஃபீ அளவு வேறு. கடுமையான வகையில் அது பெரும்பாலும் 200 முதல் 500 மில்லிகிராமுக்குள் இருக்கும். நினைவில் நிற்கும் கணக்கு: 1 கிராம் புரதம் என்றால் சுமார் 50 மில்லிகிராம் ஃபீ. இதை ஒரு ‘பங்கு’ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் என்று சொன்னால் ஆறு பங்கு. (இது தோராயம். பழத்திலும் காயிலும் கொஞ்சம் குறையும், சில பருப்புகளில் கூடும்.)

இப்போது நம் தட்டைப் பார்ப்போம். சாதாரண அளவுள்ள ஒரு இட்லியில் 2 கிராம் புரதம் வரை இருக்கும், அதாவது இரண்டு பங்கு. மூன்று இட்லியில் அந்த நாள் முடிந்தது. வெந்த சாதம் 100 கிராம் என்றால் இரண்டரைப் பங்கு. ஒரு டம்ளர் பால், 200 மில்லி, ஆறு பங்குக்கு மேல். ஒரு முட்டையும் அப்படியே. ஒரு பிடி துவரம்பருப்பும் அப்படியே. அதனால்தான் பால், தயிர், முட்டை, கறி, மீன், பருப்பு வகைகள், கடலை, சோயா எல்லாம் முழுக்க வெளியே. அரிசி, உருளைக்கிழங்கு போன்றவை அளந்து. பெரும்பாலான பழங்களும் நீர்க்காய்களும் ஓரளவு தாராளமாக. சர்க்கரை, வெல்லம், எண்ணெய், நெய், ஜவ்வரிசி, ஆரோரூட் ஆகியவற்றில் ஃபீ அநேகமாக இல்லை.

கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள். கரண்டிக் கணக்கு நம்ப முடியாதது; குழைந்த சாதமும் உதிரிச் சாதமும் ஒரே கரண்டியில் வேறு வேறு எடை. உணவின் அளவுகளுக்கு ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுக் கூறு அட்டவணை இருக்கிறது. 528 உணவுகள், அமினோ அமில அளவுகளோடு. வெளிநாட்டுப் பட்டியல்களில் புடலங்காயையும் கோவைக்காயையும் தேடி அலைய வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. ஃபீ பூஜ்யமாகவும் ஆகிவிடக் கூடாது. அது உடம்புக்குத் தேவையான அமினோ அமிலம். பயந்துபோய் அளவுக்கும் கீழே குறைத்தால் பிள்ளை சோர்ந்துபோகும், தோல் புண்ணாகும், எடை ஏறாது. சொன்ன ஆறு பங்கையும் தினமும் கொடுத்தே ஆக வேண்டும்.

சமையலறை

வெளிநாடுகளில் புரதம் குறைத்த ரொட்டி, பாஸ்தா, அரிசி என்று தனியாக விற்கிறார்கள். பிரிட்டனில் மருந்துச் சீட்டுக்கே தருகிறார்கள். இங்கே அவை இறக்குமதி, விலை அதிகம். ஆனால் புரதமே இல்லாத மாவுப்பொருள் ஒன்று சேலத்தில் மூட்டை மூட்டையாகத் தயாராகிறது. மரவள்ளிக்கிழங்கிலிருந்து எடுக்கும் ஜவ்வரிசியில் 100 கிராமுக்குப் புரதம் அரை கிராம்கூட இருக்காது. பாயசத்துக்கும் வடாத்துக்கும் மட்டும் அதை வைத்திருக்கும் நம் வீடுகள், பி.கே.யூ. பிள்ளைக்கு அதை முக்கிய உணவாக்கலாம்.

சாதத்துக்குப் பதில்: மாவு ஜவ்வரிசியைக் கழுவி, மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு சில மணி நேரம் ஊற விடுங்கள். விரலால் அழுத்தினால் நசுங்க வேண்டும். கொஞ்சம் எண்ணெய் பிசறி இட்லித் தட்டில் ஆவியில் வேகவைத்தால் கண்ணாடி போல வரும். உதிர்த்து, கடுகு, சீரகம், கறிவேப்பிலை, மஞ்சள் தாளித்து எலுமிச்சை பிழிந்தால் எலுமிச்சைச் சாதம் மாதிரி. புளிக்காய்ச்சல் கலந்தால் புளியோதரை மாதிரி. புளிக்காய்ச்சலில் கடலைப்பருப்பும் நிலக்கடலையும் கூடாது. தாளிப்பில் உளுந்து போடும் பழக்கத்தைக் கையே மறக்கும் வரை கவனமாக இருங்கள்.

தோசைக்கும் சப்பாத்திக்கும் பதில்: ஜவ்வரிசியை வறுத்து மாவாக அரைத்து வையுங்கள். 100 கிராம் மாவு, வேகவைத்து மசித்த சிறிய உருளைக்கிழங்கு ஒன்று, ஒரு டீஸ்பூன் இசப்கோல், உப்பு, சீரகம், துருவிய சுரைக்காய் ஒரு கைப்பிடி. வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுப் பிசைந்து பத்து நிமிடம் மூடி வைத்து, எண்ணெய் தடவிய வாழையிலையில் அடை போலத் தட்டிக் கல்லில் போடுங்கள். மாவைப் பிடித்துவைக்கும் வேலையை இசப்கோல் செய்கிறது. மொத்த மாவுக்கும் சேர்த்துப் பங்கு ஒன்றை ஒட்டித்தான் வரும். அதற்கு நாலு அடை கிடைக்கும் என்றால், ஒரு இட்லிக்கு இரண்டு பங்கு கணக்கிடும் வீட்டில் அது எவ்வளவு பெரிய விடுதலை என்று புரியும்.

குழம்பு: சாம்பாரில் பருப்புக்குப் பதில் பரங்கிக்காயைக் குழைய வேகவைத்தால் நிறமும் கெட்டியும் வந்துவிடும். வத்தக் குழம்பும் புளி ரசமும் பருப்பில்லாமலே வைக்கக்கூடியவை. தேங்காயில் புரதம் உண்டு, 100 கிராமுக்கு 4 கிராம் போல. அளந்து போடுங்கள், பொட்டுக்கடலை சேர்க்காதீர்கள். முருங்கைக்கீரை சத்து என்று அள்ளிப் போட வேண்டாம், அதில் 6 கிராமுக்கு மேல். புடலை, சுரை, பீர்க்கு, வெள்ளைப் பூசணி, சௌசௌ எல்லாம் நம் நண்பர்கள்.

கடையில் ‘கார்ன் ஃப்ளார்’ என்று விற்கும் வெள்ளை மாவு வெறும் ஸ்டார்ச், பயன்படுத்தலாம். மஞ்சள் நிற மக்காச்சோள மாவு வேறு. அதில் கோதுமையை நெருங்கும் புரதம் உண்டு. பாக்கெட்டைத் திருப்பிப் புரத அளவைப் பார்த்துவிட்டே வாங்குங்கள். ஜவ்வரிசி வடாம் என்று விற்பதிலும் சிலர் அரிசி மாவு கலப்பதால் கோடையில் வீட்டிலேயே பிழிந்து ஒரு வருஷத்துக்கு வைத்துக்கொள்வதுதான் நிம்மதி. அப்பளம் பொரிக்கும் வீட்டில் பிள்ளைக்கும் தட்டில் நொறுக்கச் சத்தம் வேண்டுமே.

அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பைத் தனியாகக் கவனியுங்கள். அதன் எடையில் பாதிக்கு மேல் ஃபீதான். டயட் குளிர்பானங்கள், சர்க்கரையில்லாத சூயிங்கம், மென்று தின்னும் வைட்டமின் மாத்திரைகள், குழந்தைகளுக்கான சில சிரப்புகள் ஆகியவற்றில் இருக்கும். எண் 951 என்றும் அச்சிட்டிருப்பார்கள். காய்ச்சல் மருந்து வாங்கும்போதும் மருந்துக்கடைக்காரரிடம் கேளுங்கள்.

ரத்தப் பரிசோதனை

ஐரோப்பிய வழிகாட்டுதலின்படி முதல் வருஷம் வாரம் ஒரு முறை, 12 வயது வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, அதன் பிறகு மாதம் ஒரு முறை. 12 வயது வரை 120 முதல் 360 மைக்ரோமோலுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் 600 வரை ஐரோப்பாவில் ஏற்கிறார்கள், அமெரிக்காவில் ஆயுள் முழுக்க 360தான். சில ஆய்வகங்கள் மில்லிகிராம் கணக்கில் தருவார்கள். 100 மில்லி ரத்தத்துக்கு 6 மில்லிகிராம் என்றாலும் லிட்டருக்கு 360 மைக்ரோமோல் என்றாலும் ஒன்றே. இது தெரியாமல் ‘6தானே’ என்று நினைப்பவர்களும் உண்டு, ‘360ஆ!’ என்று அலறுபவர்களும் உண்டு.

காலையில் ஃபார்முலாவுக்கு முன், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே நேரத்தில் எடுங்கள். வீட்டிலேயே விரலில் குத்தி, கத்ரி அட்டை என்று சொல்லும் அந்த வடிகட்டித் தாளில் வட்டம் நிறைய ஒரே சொட்டாக விட்டு, நிழலில் சில மணி நேரம் காயவைத்துத் தபாலில் அனுப்பலாம். ஈரம் காயாமல் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டால் வீண். அளவு ஏறி வந்தால் பிள்ளையைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த மாதம் உணவுக் குறிப்பேட்டில் பொய் எழுத ஆரம்பிக்கும். அதன் பிறகு உங்களிடம் எந்தத் தகவலும் வராது.

காய்ச்சல் வரும் நாட்கள்

காய்ச்சலில் உடம்பு தன் புரதத்தையே கரைப்பதால், எதுவும் சாப்பிடாமலே ஃபீ ஏறும். சர்க்கரைத் தண்ணீர், கரும்புச்சாறு, நெய் விட்ட ஜவ்வரிசிக் கஞ்சி என்று கலோரி உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஃபார்முலாவைச் சிறிது சிறிதாகவாவது கொடுங்கள். பி.கே.யூ.வில் இது அன்றைக்கே உயிருக்கு ஆபத்தாக மாறுவதில்லை. ஆனால் மேப்பிள் சிரப் சிறுநீர் நோய், யூரியா சுழற்சிக் கோளாறுகள் போன்ற வேறு புரதக் கோளாறு உள்ள குழந்தைகளுக்குச் சாதாரணக் காய்ச்சலும் வாந்தியும்கூட அவசர நிலை. அவர்கள் வீட்டில் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பள்ளியும் விசேஷங்களும்

பள்ளியில் சேர்க்கும்போதே ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள்: நோயின் பெயர், கொடுக்கக் கூடாதவை, தவறிக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது (பயப்பட வேண்டாம், எங்களுக்குச் சொல்லுங்கள்), தொலைபேசி எண். அரசுப் பள்ளி என்றால் தலைமை ஆசிரியரோடு சத்துணவு அமைப்பாளரையும் நேரில் பாருங்கள். முட்டை எல்லாருக்கும் கிடைக்கும்போது இந்தப் பிள்ளைக்கு மட்டும் ஏன் இல்லை என்று இரக்கப்பட்டு ஊட்டிவிடுபவர் அவராகத்தான் இருக்கும். பிறந்தநாள் சாக்லேட்டுக்குப் பதிலாகக் கல்கண்டு மிட்டாய் டப்பா ஒன்றை வகுப்பாசிரியரிடம் கொடுத்து வைக்கலாம்.

கோயிலில் சுண்டலும் வெண்பொங்கலும் ஆகாது. கல்கண்டு, பழம், அளவாகப் பஞ்சாமிர்தம் ஆகும். பக்கத்து வீட்டிலிருந்து பெருநாள் பிரியாணியோ கிறிஸ்துமஸ் கேக்கோ வந்தால் வாங்கி வைத்துக்கொண்டு, பிள்ளைக்கு அதே நேரத்தில் வேறு ஒன்றைக் கொடுங்கள். கல்யாணப் பந்தியில் பிள்ளையை உட்கார வையுங்கள், ஒதுக்காதீர்கள்; வீட்டிலிருந்து கொண்டுபோனதை இலையில் பரிமாறினால் போதும். “ஒரு வாய் சாப்பிட்டா என்ன ஆயிடும்” என்று கேட்கும் பாட்டியிடம் வாதாடுவதைவிட, அவரிடமே ஜவ்வரிசி அடை தட்டும் வேலையைக் கொடுத்தது எங்கள் வீட்டில் நன்றாகப் பலித்தது.

கணக்கைக் கைமாற்றுவது

மூன்று வயதில் பிள்ளை சொல்லப் பழக வேண்டியது ஒரு வாக்கியம்: “அம்மாவைக் கேட்டுட்டுச் சாப்பிடறேன்.” யார் எதைக் கொடுத்தாலும் இதைச் சொன்னால் போதும்.

நாலைந்து வயதில் சோழியை எடுங்கள். காலையில் பல்லாங்குழிப் பலகையின் ஒரு குழியில் அன்றைய பங்குக்கு ஆறு சோழி. ஒரு இட்லி சாப்பிட்டால் பிள்ளையே இரண்டு சோழியை அடுத்த குழிக்கு மாற்றட்டும். அரை இட்லி என்றால் ஒன்று. மத்தியானம் சாதம் வேண்டுமா, சாயங்காலம் உருளைக்கிழங்கு வறுவல் வேண்டுமா என்று மிச்சச் சோழியைப் பார்த்துத் தானே முடிவெடுக்கும். ‘கூடாது’ என்று நாம் சொல்லும் தடவைகள் பாதியாகக் குறையும். ராத்திரிக்குள் எல்லாச் சோழியும் இடம் மாறியிருக்க வேண்டும் என்பதும் விளையாட்டின் விதி. குறைவாகச் சாப்பிட்டாலும் அது பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

ஏழெட்டு வயதில் ஃபார்முலாவைத் தானே கலக்கலாம். பத்து வயதில் தராசு. பன்னிரண்டில் உணவுக் குறிப்பேடும் விரல் குத்துவதும். பதினான்கு பதினைந்தில் டயட்டீஷியனிடம் பிள்ளையே பேச வேண்டும். நீங்கள் அறைக்கு வெளியே உட்காருங்கள். இந்த வயதுகள் கல்வெட்டு இல்லை. முன்பின் ஆகலாம், வரிசை மாற வேண்டாம்.

பதின்ம வயதில் பெரும்பாலும் முதலில் தவறுவது ஃபார்முலாதான், சாப்பாடு அதன் பிறகுதான். பள்ளிக்குக் கொண்டுபோக வெட்கம், வாடை, நண்பர்களின் கேள்வி. பையனோ பெண்ணோ எரிந்து விழுவது, படித்தது நிற்காமல் போவது, வேலைகள் மெதுவாவது எல்லாம் ஃபீ ஏறியதன் அடையாளமாக இருக்கலாம். சோம்பேறி என்று முடிவு கட்டுவதற்கு முன் ரத்தத்தைப் பாருங்கள். ஃபார்முலாவை விட்டவர்களுக்கு பி12 குறையும் ஆபத்தும் உண்டு, ஏனென்றால் பாலும் கறியும் அவர்கள் சாப்பிடுவதே இல்லை. முன்பெல்லாம் ஆறு, எட்டு வயதோடு கட்டுப்பாட்டை நிறுத்திவிடலாம் என்று மருத்துவர்களே சொன்னார்கள். அப்படி நிறுத்தியவர்களுக்குக் கவனமும் அறிவுத்திறனும் குறைந்ததைப் பார்த்த பிறகு, 2000இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் மாநாடு ஆயுள் முழுக்க வேண்டும் என்றே பரிந்துரைத்தது. பழைய புத்தகத்தைக் காட்டி யாராவது ‘இனி விட்டுவிடலாம்’ என்றால் நம்பாதீர்கள்.

ஹாஸ்டலுக்குப் போகும் பிள்ளையோடு தராசு, மின்கெட்டில், ஒரு மாத ஃபார்முலா, மருத்துவர் கடிதம் ஆகியவை போக வேண்டும். மெஸ் பொறுப்பாளரிடம் பிள்ளையே பேசட்டும்.

செலவும் உதவியும்

ஃபார்முலா விலை நடுத்தரக் குடும்பத்தையும் அசைத்துவிடும். 2021இன் தேசிய அரிய நோய்க் கொள்கையில், சிறப்பு உணவால் சமாளிக்கக்கூடிய நோய்களின் பிரிவில் பி.கே.யூ. இருக்கிறது. அரசு அறிவித்த சிறப்பு மையங்களில் பதிவு செய்தால் ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி பெற வழி உண்டு. சென்னையில் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை அப்படியொரு மையம். நோயை உறுதி செய்த ஆய்வக அறிக்கை, மரபணு அறிக்கை, முகவரிச் சான்று எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். பணம் வரத் தாமதமாகலாம், மழைக்காலத்தில் கூரியர் நிற்கலாம். எப்போதும் ஒரு மாத ஃபார்முலா கையிருப்பில் இருக்கட்டும்.

மருந்துகளும் வந்துவிட்டன. சாப்ரோப்டெரின் 2007இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒரு பகுதி நோயாளிகளுக்கு, பெரும்பாலும் மிதமான வகைக்கு, வேலை செய்யும். பெரியவர்களுக்கான பெக்வாலியேஸ் ஊசி 2018இல் வந்தது. உங்கள் பிள்ளைக்குப் பலிக்குமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பலிப்பவர்களுக்குத் தட்டில் சாதம் கூடும்.

பெண் பிள்ளைகள், கல்யாணம், கர்ப்பம்

இதைப் பெண் வயதுக்கு வந்த பிறகு அவளிடம் நேராகப் பேசிவிடுங்கள். ரத்தத்தில் ஃபீ அதிகமாக இருக்கும்போது கர்ப்பம் தரித்தால், குழந்தைக்கு பி.கே.யூ. இல்லாவிட்டாலும் அதன் மூளையும் இதயமும் பாதிக்கப்படலாம். தலை சிறுத்துப் பிறக்கலாம். தொப்புள்கொடி வழியாகப் போகும் ஃபீ, குழந்தையின் ரத்தத்தில் தாயின் அளவைவிடக் கூடுதலாகச் சேர்கிறது. அதனால் கர்ப்பத்துக்குச் சில மாதங்கள் முன்பே 120–360க்குள் கொண்டுவந்து, பிரசவம் வரை அப்படியே வைத்திருக்க வேண்டும். எதிர்பாராத கர்ப்பம் என்றால் ஒரு நாள்கூடத் தள்ளாமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

மாப்பிள்ளை வீட்டில் மறைப்பது பலனில்லாத வேலை. காலையில் எழுந்ததும் ஃபார்முலா கலக்கும் பெண் அதை எத்தனை நாள் ஒளித்து வைப்பாள்? நிச்சயத்துக்கு முன் மாப்பிள்ளையும் மரபணு ஆலோசகரைப் பார்க்கட்டும், வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவ மரபியல் துறை இருக்கிறது. மாப்பிள்ளையிடம் அந்தப் பழுது இல்லையென்றால் குழந்தைகளுக்கு நோய் வராது, மரபணுவை மட்டும் சுமப்பார்கள். அவரும் சுமப்பவர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பாதிக்குப் பாதி. சொந்தத்தில் மாப்பிள்ளை பார்ப்பதை இந்த ஒரு விஷயத்துக்காகவாவது தவிர்த்துவிடலாம் என்பது என் கருத்து. பி.கே.யூ. உள்ள ஆண்களுக்கும் இதே மரபணுக் கணக்குத்தான்.

கர்ப்பத்தின் பிற்பாதியில் குழந்தை வேகமாக வளர்வதால் தாய் தாங்கும் ஃபீ அளவு நன்றாகக் கூடும்; பங்கைக் கூட்டச் சொல்வார்கள், வாரா வாரம் ரத்தம் பார்க்க வேண்டியிருக்கும். குழந்தை பிறந்த மூன்றாம் நாள் அதற்கும் குதிகால் பரிசோதனை. குழந்தைக்கு நோய் இல்லையென்றால் பி.கே.யூ. உள்ள தாய் தாராளமாகத் தாய்ப்பால் கொடுக்கலாம். அந்த மாதங்களிலும் அவளுடைய ஃபார்முலா நிற்காமல் இருக்கிறதா என்று வீட்டில் ஒருவர் பார்த்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அம்மாவின் சாப்பாடுதான் முதலில் தவறும்.